ராத்திரி சார்ஜ் போட்டால் இ-ஸ்கூட்டர் ‘கிரீன்’ வண்டியா? மொட்டைமாடி சோலார் கணக்கு என்ன?

சேலம் மாவட்டத்தின் நெசவு ஊர்களில் ஒன்று ஜலகண்டாபுரம். அங்கே ஒருவர் இரவு சாப்பிட்டுவிட்டு இ-ஸ்கூட்டருக்கு சார்ஜ் போடுகிறார் என வைத்துக்கொள்வோம். வண்டியில் புகை இல்லை. ஆனால், அந்தக் கரன்ட் எங்கிருந்து வருகிறது?

பக்கத்திலேயே இருக்கிறது மேட்டூர். அங்குள்ள அனல்மின் நிலையத்தின் மொத்தத் திறன் 1,440 மெகாவாட், எரிவது நிலக்கரி. மேட்டூர் அணையிலும் மின்சாரம் தயாராகிறது. ஆனால், தண்ணீர் திறந்தால்தான் அது கிடைக்கும். எல்லா மின்சாரமும் கிரிட்டில் கலந்துவிடுவதால், வீட்டு பிளக்கில் வருவது எந்த நிலையத்துக் கரன்ட் என்று பிரிக்க முடியாது. ஒன்று மட்டும் உறுதி: ராத்திரியில் சோலார் பூஜ்ஜியம். காற்றாலைகள் நன்றாகக் கைகொடுப்பது மே முதல் செப்டம்பர் வரைதான். மற்ற மாதங்களில் இரவுச் சுமை பெரும்பாலும் நிலக்கரி மேல்தான் விழுகிறது.

அப்படியென்றால் பெட்ரோலே தேவலையா?

இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். லிட்டருக்கு 46 கி.மீ ஓடினால், கிலோமீட்டருக்கு 50 கிராம். இந்திய கிரிட்டில் ஒரு யூனிட்டுக்கு சராசரியாக 0.7 கிலோ. யூனிட்டுக்கு 30 கி.மீ ஓடும் இ-ஸ்கூட்டருக்கு இது கிலோமீட்டருக்கு சுமார் 23 கிராம். பாதிக்கும் குறைவு. ஆனால், பூஜ்ஜியம் இல்லை.

சோலாருக்கு மாறினால்?

தினமும் 40 கி.மீ ஓட்டினால், சார்ஜிங் இழப்பையும் சேர்த்து சுமார் 1.5 யூனிட் போதும். ஒரு கிலோவாட் பேனல் நம்ம ஊர் வெயிலில் நாளுக்கு சராசரியாக 4 யூனிட் தரும். வண்டிக்குப் போக மீதி வீட்டுக்கு. பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் வீடுகளுக்கு 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் உண்டு. சோலார் இல்லாவிட்டால் வண்டிக்கு மட்டும் 2 மாதத்துக்கு 90 யூனிட் செலவாகும். வீட்டுக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட் கிட்டத்தட்ட அதிலேயே கரைந்துவிடும்.

சிக்கல் எங்கே?

வெயில் இருக்கும்போது வண்டி வீட்டில் இருப்பதில்லை. நெட் மீட்டர் இருந்தால் பகலில் கொடுத்த யூனிட்டை ராத்திரி எடுத்த யூனிட்டோடு கழித்துக்கொள்ளலாம். பில் குறையும். ஆனால், ராத்திரி பேட்டரிக்குள் போவது அப்போதைய கிரிட் கரன்ட்தான்.

அதனால் சார்ஜ் போடும் இடமும் நேரமும் முக்கியம். பகலில் வண்டி நிற்பது தறிக்கூடம், கடை, ஆபீஸ் வாசலில். அந்தக் கூரைகளில் பேனல் இருந்தால், மதியம் 2 மணி நேரம் சாதாரண பிளக்கில் போட்டாலே அன்றைய ஓட்டத்துக்குப் போதும். ஆனால், விசைத்தறிகளுக்கு 2 மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்பதால், சின்ன தறிக்கூடங்களுக்கு பேனல் போடும் அவசரம் குறைவு. சலுகை இணைப்பில் வண்டிக்கு சார்ஜ் போடலாமா என்பதையும் மின்வாரியத்திடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூரை இல்லாதவர்களும் ஒன்று செய்யலாம்: லீவு நாளில் சார்ஜரை ராத்திரிக்குப் பதில் காலை 10 மணிக்கு மேல் ஆன் செய்வது. அந்த நேரத்தில் கிரிட்டிலேயே சோலார் அதிகம்.