மூச்சு முட்டிச் செத்த ஆமைகள்!
வலையில் சிக்கிய தாய்கள். கரையில் காத்திருக்கும் குழிகள்

2025-ம் ஆண்டு ஜனவரி மாதம். சென்னை கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். மெரினா, நீலாங்கரை, கோவளம் என்று எங்கு பார்த்தாலும் ஆமைப் பிணங்கள்! சில வாரங்களில் கணக்கு ஆயிரத்தைத் தொட்டது.

பிரேதப் பரிசோதனை நடந்தது. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. தண்ணீரில் மூச்சு முட்டிச் செத்ததன் அடையாளம் அது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

கடல் ஆமை தண்ணீரில் மூழ்கிச் சாகுமா? சாகும். ஆமைக்கு மீனைப்போல செவுள் கிடையாது, நம்மைப்போல நுரையீரல்தான். அடிக்கடி மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். இழுவலைக்குள் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் இழுபட்டால் கதை முடிந்தது.

5 மைல் எல்லை

மீனவர்கள் இதைப் பங்குனி ஆமை என்பார்கள். முட்டையிட வரும் காலத்தில் கரையோரக் கடலிலேயேதான் சுற்றும். அங்கே, 5 கடல் மைலுக்குள், விசைப்படகுகள் இழுவலை போடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. எல்லை தாண்டினால் ஆமைக்கு மட்டுமா நஷ்டம்? கட்டுமரம், ஃபைபர் படகுக்காரர்களின் மீனும் போகிறது. எல்லையைக் காக்க வேண்டியவர்கள் கடலுக்குள் கண்காணிக்காமல், பிணம் ஒதுங்கிய பிறகு ஓடி வந்து என்ன பயன்?

கரையில் வேலை நடக்காமல் இல்லை. 1988-ல் மாணவர்கள் தொடங்கிய கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு இன்றும் இரவில் நடக்கிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் தடம் பார்த்து, குழி தேடி, நாய் தோண்டுவதற்குள் முட்டைகளை எடுத்து வேலி போட்ட இடத்தில் புதைக்கிறார்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். சுமார் 45 நாளில் குஞ்சு வரும். மணலின் சூடுதான் அது ஆணா, பெண்ணா என்று முடிவு செய்கிறது. சூடு ஏறினால் பெண்!

வேலிக்கு வெளியே பொரிக்கும் குஞ்சுகள் பாடு வேறு. அவை வெளிச்சம் பார்த்து நடக்கும். ரோட்டு விளக்கைக் கடல் என்று நம்பி வந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்குகின்றன.

ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் பெரிய ஆமையாகும் என்கிறார்கள். அப்படித் தப்பிப் பிழைத்த தாயே வலையில் செத்தால், எத்தனை முட்டை எடுத்து ஈடு கட்டுவது?

கம்பித் தடுப்பு

வழி இருக்கிறது. வலைக்குள் சாய்வாக ஒரு கம்பித் தடுப்பு. இறாலும் மீனும் இடுக்கில் நுழைந்து பின்பக்கம் போய்விடும். ஆமை தடுப்பில் முட்டி, திறப்பு வழியாக வெளியேறிவிடும். கொஞ்சம் மீனும் தப்பிவிடும் என்பது படகுக்காரர்கள் குறை. ஆனால் இந்தத் தடுப்பு இல்லை என்றுதான் 2019-ல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்குவதை நிறுத்தியது. அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஆமை வரும் சீசன் டிசம்பர் கடைசியில் ஆரம்பம். ராத்திரி மணலில் ஆமையைப் பார்த்தால் டார்ச் அடிக்காதீர்கள். அது குழியை மூடிவிட்டுத் தானே கடலுக்குத் திரும்பும்.