வெந்ததும் எடுத்துவிடுங்கள்

நார்வே வீடுகளில் அன்றைய பெரிய சாப்பாடு மாலை நாலு, ஐந்து மணிக்கே முடிந்துவிடும். வேலைவிட்டு வந்த களைப்பில் ஒரு மணி நேரம் அடுப்படியில் நிற்க யாருக்கும் மனசு வராது. அப்படிப்பட்ட நாட்களுக்கென்றே அமைந்தது ஓவனில் சுட்ட சால்மன். தொட்டுக்கொள்ள அவித்த உருளைக்கிழங்கும், வினிகரும் சர்க்கரையும் கலந்து ஊறவைத்த வெள்ளரி வில்லைகளும் போதும்.

சால்மன் ஒரு காலத்தில் இப்படி அன்றாடம் கிடைத்த மீன் அல்ல. 1970-ல் ஹித்ரா தீவையொட்டிய கடலில் மிதக்கும் வலைக்கூண்டுகளில் வளர்த்துப் பார்த்து, அது கைகூடிய பிறகுதான் கதை மாறியது. இன்று அட்லாண்டிக் சால்மன் வளர்ப்பில் உலகிலேயே நார்வேதான் முதலிடம்; ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல். கூண்டு மீனின் அந்த ஆரஞ்சு நிறம்கூடத் தீவனத்தில் சேர்க்கும் அஸ்டாக்சாந்தினால் வருவதுதான். அது இல்லாவிட்டால் சதை வெளிறிப்போயிருக்கும். கடல் பேன் தொல்லை, கூண்டிலிருந்து தப்பும் மீன்கள் காட்டு இனத்தோடு கலப்பது என்று அங்கே இந்தத் தொழில்மீது புகார்களும் உண்டு. ஆனாலும் சாப்பாட்டு மேசையில் சால்மனுக்கு மவுசு குறையவில்லை.

முதலில் ஹெர்ப் பட்டர். 100 கிராம் வெண்ணெயை வெளியில் வைத்து இளக விடுங்கள். உருக்கிவிடக் கூடாது, உருகினால் தழையெல்லாம் அடியில் தங்கிவிடும். பொடியாக நறுக்கிய பார்ஸ்லி, டில், நசுக்கிய ஒரு பல் பூண்டு, துருவிய எலுமிச்சைத் தோல், சில சொட்டுச் சாறு, உப்பு சேர்த்துப் பிசைந்து, பட்டர் பேப்பரில் உருட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். டில் என்பது நம் சதகுப்பையின் இலைதான். பெங்களூர் சந்தைகளில் சப்சிகே சொப்பு என்று கட்டுக்கட்டாகக் கிடைக்கும்.

அடுத்தது மீன். தோலோடு 150 முதல் 180 கிராம் துண்டுகளாக வாங்குங்கள். சதையை விரலால் தடவினால் நடுவே வரிசையாக ஊசிமுள் தட்டுப்படும். சின்ன இடுக்கியால், முள் சாய்ந்திருக்கும் பக்கமாகவே இழுத்தால் சதை கிழியாமல் வந்துவிடும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 4 மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, மீனை 10 நிமிடம் போட்டு எடுத்து, ஈரம் போகத் துடையுங்கள். சால்மன் வேகும்போது மேலே திட்டுத்திட்டாக வெள்ளையாக ஏதோ பிதுங்குமே, அது கொழுப்பல்ல, புரதம். தின்றால் கெடுதல் இல்லை, பார்க்கத்தான் அசிங்கம். உப்புத் தண்ணீர்க் குளியல் அதைப் பெருமளவு குறைக்கும்.

ஓவனை 200 டிகிரிக்குச் சூடாக்கி, தோல் பக்கம் கீழே இருக்கும்படி ட்ரேயில் அடுக்கி, துண்டுக்கு ஒரு வில்லை ஹெர்ப் பட்டர் வைத்து உள்ளே தள்ளுங்கள். திருப்பிப் போட வேண்டாம். விரற்கடைக்குச் சற்று மேலான கனமுள்ள துண்டுக்கு 12 நிமிடம் கணக்கு. 10-வது நிமிடத்திலேயே கதவைத் திறந்து பார்ப்பது நல்லது.

நம்மவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். மீன் என்றால் குழம்பில் கொதித்து, தோசைக்கல்லில் முறுகிப் பழகிய நாக்கு நமக்கு. இன்னும் அஞ்சு நிமிடம் கிடக்கட்டுமே என்று விட்டால், அத்தனை விலை கொடுத்து வாங்கிய மீன் சக்கையாகிவிடும். கனமான இடத்தில் முள்கரண்டியால் லேசாகப் பிரித்துப் பாருங்கள்: சதை அடுக்கடுக்காக விலகி, நடுவில் மட்டும் துளி பளபளப்பு மிச்சமிருந்தால் எடுத்துவிடலாம். வெளியே வந்த பிறகும் உள்சூட்டில் கொஞ்சம் வேகும். கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகள் சாப்பிடுவதாக இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. தெர்மாமீட்டர் நடுச்சதையில் 63 டிகிரி காட்டும்வரை வேகட்டும்.

தட்டில் வைத்ததும் இன்னொரு வில்லை ஹெர்ப் பட்டரை மேலே வையுங்கள். ஓவனுக்குள் போன தழை வாசம் கொடுத்துவிட்டு வாடிப்போயிருக்கும். பச்சை மணத்துக்கு இந்த இரண்டாவது வில்லை வேண்டும். என்னைக் கேட்டால், ஒன்றைத்தான் வைக்கலாம் என்றால் முதல் வில்லையை விட்டுவிடுவேன். உருகி வழியும் வெண்ணெயை உருளைக்கிழங்கோடு மசித்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய ஹெர்ப் பட்டரை ஃப்ரீசரில் போட்டுவைத்தால், அடுத்த வாரம் மீனே இல்லாவிட்டாலும் சுடச்சுட ரொட்டியில் தடவலாம்.