ஆஸ்துமாவும் உடல்வாகும்: கொரிய மருத்துவத்தின் அணுகுமுறை

மூச்சை நடத்துவது நுரையீரல் என்றாலும், உள்ளிழுத்த மூச்சைக் கீழே ஈர்த்து நிறுத்துவது சிறுநீரகம் என்றும், சளி பிறக்குமிடம் செரிமானத்தை ஆளும் மண்ணீரல் என்றும் கொரிய மரபு மருத்துவம் கொள்கிறது. இங்கே உறுப்பின் பெயர் அதனோடு சேர்த்துப் பேசப்படும் செயற்பாடுகளையே குறிக்கிறது. இதனால், இரைப்பு எழும்போது மூச்சுவழியைத் திறப்பதும், அது தணிந்திருக்கும் காலத்தில் இம்மூன்றையும் சீராக்குவதும் வெவ்வேறு சிகிச்சைகளாக அமைகின்றன.

இம்மரபின் மருந்துகளில் கூர்ந்து நோக்கத்தக்கது, மாஹ்வாங் எனப்படும் எபிட்ரா செடியின் தண்டு. நீர்த்த சளியும் குளிரும் சேர்ந்த இரைப்புக்குத் தரப்படும் 'சோசோங்யோங்தாங்' என்னும் கஷாயத்தின் எட்டுச் சரக்குகளில் சுக்கு, அதிமதுரம், ஓமிஜா என்ற புளிப்புப் பழம் ஆகியவற்றோடு இதுவும் சேர்கிறது. 1885இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி இதிலிருந்து பிரித்தெடுத்த எபிட்ரின், மூச்சுக்குழாய்த் தசைகளைத் தளர்த்துவதோடு இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தக்கூடியது. எபிட்ரா கலந்த துணையுணவுகளை 2004இல் அமெரிக்கா தடைசெய்ததற்கு இதுவே காரணம். அந்நிலை வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, மாஹ்வாங் யாருக்குப் பொருந்தும் என்று கேட்டவர் லீ ஜே-மா (1837–1900). 1894இல் எழுதி முடித்த நூலில் மனிதரை நான்கு உடல்வாகினராக வகுத்த அவர், நுரையீரல் வலுக்குன்றிய 'தேஉமின்' வகையினருக்கே அது உரியதென்றும், செரிமானம் தளர்ந்த 'சோஉமின்' வகையினருக்கு ஆகாதென்றும் வரையறுத்தார். இந்த நால்வகைப் பகுப்பு அறிவியலால் உறுதியாக நிறுவப்பட்டதன்று. ஆயினும், ஒரே நோய்க்கான மருந்து எல்லோருக்கும் ஒவ்வாது என்ற அவரது எச்சரிக்கை மாஹ்வாங்கைப் பொறுத்தவரை முற்றிலும் சரியானது.

'நோய் எதிர்ப்பாற்றலைப் பெருக்கும்' என்ற விளம்பரச் சொல் ஆஸ்துமாவுக்குச் சற்றும் பொருந்தாது. ஒவ்வாமை ஆஸ்துமாவில், மகரந்தத்தையும் தூசுப் பூச்சியையும் பகையெனக் கொண்டு எதிர்ப்பாற்றலே மிகையாகக் கிளர்ந்து மூச்சுக்குழாயை அழற்சிக்கு உள்ளாக்குகிறது. அஸ்ட்ராகலஸ் வேரான ஹ்வாங்கியைச் சேர்த்து அமைக்கும் மருந்துகளைக் கொரிய மருத்துவர்கள் உடலின் சமநிலையை மீட்பதற்கென்றே விளக்குகின்றனர். குளிர்காலத்தில் முற்றும் இரைப்புக்குக் கோடையிலேயே மருந்திடும் வழக்கமும் உண்டு. ஆண்டின் கடும் வெப்ப நாட்களான சாம்போக் நாட்களில், வெண்கடுகு முதலியவற்றை அரைத்த பற்றை முதுகில் இடுகின்றனர்.

எனினும், இத்தகைய சிகிச்சைகள் பலவற்றுக்குச் சான்றுகள் இன்னும் போதிய வலுப்பெறாத நிலையில், உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்தை நோயாளி தாமாக நிறுத்துவது உயிருக்கே கேடாகும். தென் கொரியாவில் மரபு மருத்துவருக்கும் நவீன மருத்துவருக்கும் உரிமங்கள் தனித்தனியானவை. ஆதலால் கஷாயத்தில் மாஹ்வாங் இருப்பதை நுரையீரல் மருத்துவரிடமும், இன்ஹேலர் எடுப்பதை மரபு மருத்துவரிடமும் நோயாளியே எடுத்துச் சொல்ல வேண்டியுள்ளது.