எடுத்த படத்தையே மீண்டும் எடுப்பது ஏன்?

அனைத்துலகத் திரைப்பட விழா ஒன்றின் பட்டியல் வெளியானதும் சினிமா ரசிகர்களிடையே ஒரு வழக்கமான வாக்குவாதம் மூளும். இவர் படத்தைச் சேர்த்தது ஏன், அவர் படத்தை விட்டது ஏன் என்று ஆளுக்கொரு நியாயம் பேசுவார்கள். 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்த வாக்குவாதத்தில் அடிபட்ட பெயர்களில் ஒன்று ஜப்பானிய இயக்குநர் தகாஷி மீகே. 2010இல் வெனிஸ் விழாவின் போட்டிப் பிரிவில் அவருடைய '13 கொலையாளிகள்' இடம்பெற்றது. மறு ஆண்டே கான் விழாவின் போட்டிப் பிரிவில் 'ஹராகிரி: ஒரு சாமுராயின் மரணம்' இடம்பெற்றது. இரண்டும் 1960களில் வந்த கறுப்பு வெள்ளைப் படங்களின் ரீமேக்.

கான் போட்டிப் பிரிவில் ஆண்டுக்குச் சுமார் இருபது படங்களுக்குத்தான் இடம் உண்டு. எத்தனையோ இளம் இயக்குநர்கள் புதுக் கதைகளோடு வாசலில் காத்திருக்கும்போது, ஏற்கனவே ஒருவர் எடுத்து முடித்த கதைக்கு அந்த இடத்தைக் கொடுக்கலாமா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால், பதில் அந்தப் படங்களுக்குள்தான் இருக்கிறது.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். மீகே 1960இல் ஒசாகா அருகேயுள்ள யாவோ நகரில் பிறந்தவர். இயக்குநர் ஷோஹேய் இமாமுரா யோகோஹாமாவில் நிறுவிய திரைப்படப் பள்ளியில் படித்து, அவரிடமே உதவியாளராகவும் வேலை செய்தார். 1989 முதல் ஜப்பானில் திரையரங்கிற்குப் போகாமல் நேரே வீடியோ கடைக்கு வரும் படங்கள் பெருகின. குறைந்த பணம், குறுகிய நாள்கள், அடிதடி, அடியாள் கும்பல் கதைகள். அந்தப் பட்டறையில்தான் மீகே கை பழகினார். ஒரே ஆண்டில் ஐந்தாறு படங்கள்கூட முடித்திருக்கிறார். 2017இல் கான் விழாவில் போட்டிக்கு வெளியே காட்டப்பட்ட அவருடைய சாமுராய் படம் நூறாவது படம் என்றே விளம்பரம் செய்யப்பட்டது. ஒரு படத்துக்கு ஐந்து ஆண்டு செலவிடும் இயக்குநர்களை மட்டுமே கலைஞர் என்று ஏற்கும் ரசிகர்களுக்கு இந்த எண்ணிக்கையே சந்தேகத்தைக் கொடுக்கிறது. வன்முறைக்கும் பேர்போனவர். 2001இல் டொரோண்டோ விழாவில் 'இச்சி' என்ற கொலையாளியின் படத்தைத் திரையிட்டபோது பார்வையாளர்களுக்கு வாந்திப் பையும் சேர்த்துக் கொடுத்தார்கள். விளம்பர உத்திதான் என்றாலும், அந்தப் பை இன்றுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ரீமேக் என்றதும் தமிழ் ரசிகர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது மொழி மாற்றம். இந்தியில் 1978இல் வந்த 'டான்' 1980இல் ரஜினியின் 'பில்லா' ஆனது. அதே 'பில்லா' 2007இல் அஜித்தோடு மலேசியாவுக்கே வந்து படமானது. பெரும்பாலும் ஓடிய படத்தை மீண்டும் ஓட வைப்பதே இங்கே நோக்கம். ஜப்பானில் இதற்கு வேறொரு வேரும் உண்டு. இறந்த எசமானுக்காகப் பழிவாங்கிய நாற்பத்தேழு சாமுராய்களின் கதையை அங்கே மேடையிலும் திரையிலும் எத்தனை முறை எடுத்தார்கள் என்று கணக்கு வைப்பதே சிரமம். முடிவு தெரிந்தும் கூட்டம் வருகிறது. திருவிழா மேடையில் 'வள்ளி திருமணம்' பார்க்க உட்காருகிறவர், முருகன் வள்ளியை மணப்பாரா என்று தெரிந்துகொள்ளவா உட்காருகிறார்? இந்தக் குழு எப்படி நடத்துகிறது என்று பார்க்கத்தானே!

மீகேயின் ஆசான் இமாமுராவே இதற்குச் சான்று. முதியவர்களை மலையில் கொண்டுபோய் விட்டுவரும் கிராமத்தின் கதையான 'நராயாமா'வை 1958இல் கெய்சுகே கினோஷிதா எடுத்தார். கபூகி நாடகம் போல, செயற்கை அரங்க அமைப்புகளுக்குள் எடுத்த படம் அது. இமாமுரா அதே கதையை உண்மையான மலைக் கிராமத்தில் மண்ணும் பனியுமாக எடுத்து, 1983இல் கான் விழாவின் தங்கப் பனை விருதை வென்றார். ரீமேக் விழாவுக்கு லாயக்கில்லை என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

'13 கொலையாளிகள்' படத்தின் மூலத்தை 1963இல் எய்ச்சி குடோ இயக்கினார். கதை எளியது. ஷோகுன் என்ற ஆட்சியாளரின் உறவினன் என்ற ஒரே காரணத்தால் ஒரு கொடிய பிரபுவை யாரும் தண்டிக்க முடியவில்லை. அவன் இன்னும் பெரிய பதவிக்கு வருமுன் அவனைத் தீர்த்துக்கட்ட ஒரு மூத்த அமைச்சர் இரகசியமாக ஏற்பாடு செய்கிறார். குடோவின் படத்தில் பதின்மூவர் எதிர்கொள்வது ஐம்பத்து மூன்று பேரை. மீகே அதை இருநூறுக்கும் மேல் ஆக்கி, ஒரு கிராமத்தையே பொறியாக மாற்றி, சண்டையை ஏறக்குறைய முக்கால் மணி நேரம் நீட்டினார். வெறும் பிரம்மாண்டம்தானா? அப்படிச் சொல்லிவிட முடியாது. வாள் பிடித்தும் நிஜப் போரைப் பார்த்திராத தலைமுறை அது. நீண்ட அமைதிக்காலத்தில் பிறந்தவர்கள். சேற்றிலும் இரத்தத்திலும் அவர்கள் தடுமாறும்போது, கொடிய பிரபு மட்டும் அதை இரசிக்கிறான். போர்க்காலம் திரும்பி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்கிறான். பாப் இசைக்குழு ஒன்றில் புகழ்பெற்ற கோரோ இனாகாகி அந்த வேடத்தில் முகத்தில் சலனமே இல்லாமல் நடித்திருப்பது உடலைச் சில்லிட வைக்கிறது. நீளம் இங்கே கதைக்குத் தேவைப்படுகிறது. மூலத்தை மிஞ்சிய அரிய ரீமேக்குகளில் இதைத் தாராளமாகச் சேர்க்கலாம்.

அந்த ஆண்டு வெனிஸ் நடுவர் குழுத் தலைவர் குவென்டின் டரண்டினோ. 2007இல் மீகேயின் 'சுகியாகி வெஸ்டர்ன் ஜாங்கோ' படத்தில் நடித்தவர்! அப்படியானால் பரிசு உறுதி என்று எண்ணியவர்களுக்கு ஏமாற்றம். தங்கச் சிங்கம் சோஃபியா கொப்போலாவின் படத்துக்குப் போனது.

'ஹராகிரி'யின் விஷயம் வேறு. 1962இல் மசாக்கி கோபயாஷி எடுத்த மூலப்படம் 1963 கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. உலகின் தலைசிறந்த படங்களில் ஒன்றாக மதிக்கப்படுவது. அதைத் தொடுவதே துணிச்சல். 17ஆம் நூற்றாண்டில் அமைதி வந்ததும் வேலையிழந்த சாமுராய்கள் பட்டினியில் அலைகிறார்கள். பெரிய வீட்டு வாசலில் போய், "இங்கே வயிற்றைக் கிழித்துக்கொண்டு மானத்தோடு சாக இடம் கொடுங்கள்" என்று கேட்டால், தொல்லை வேண்டாம் என்று காசு கொடுத்து அனுப்புவார்கள் என்ற பேச்சு பரவுகிறது. அப்படி வந்த ஓர் இளைஞனின் இடுப்பில் இருப்பது மூங்கில் கத்தி. குடும்பத்தைக் காப்பாற்ற உண்மையான வாளை விற்றுவிட்டான். அந்த மூங்கிலாலேயே வயிற்றைக் கிழித்துக்கொள் என்று வீட்டார் கட்டாயப்படுத்துகிறார்கள். பிறகு அவனுடைய மாமனார் அதே வாசலுக்கு வருகிறார்.

மூலத்தில் மாமனார் உண்மையான வாளால் சண்டையிட்டுச் சிலரைக் கொன்றுவிட்டே சாகிறார். மீகேயிடம் இரத்த ஆறு ஓடும் என்று எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அதிர்ச்சி. அவருடைய மாமனார் பனி கொட்டும் முற்றத்தில் மூங்கில் வாளோடு அத்தனை பேரையும் எதிர்க்கிறார், ஒருவரையும் கொல்வதில்லை. மருமகன் எதனால் செத்தானோ அதையே கையில் ஏந்தி நிற்கிறார். வன்முறைக்குப் பேர்போன இயக்குநர் வாளை உறையில் போட்டதைப் பல ரசிகர்கள் மந்தம் என்று குறை சொன்னார்கள். உண்மையில் படத்திலேயே மீகேக்குச் சொந்தமானது அந்த மூங்கில்தான்.

குறைகளும் உண்டு. நடுப்பகுதியில் வறுமைக் காட்சிகளை அளவுக்கு மீறி நீட்டுகிறார். கான் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற முதல் முப்பரிமாணப் படம் என்ற பெருமை இதற்கு உண்டு. ஆனால், பெரும்பகுதி இருண்ட அறைகளில் நடக்கும் கதைக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார வேண்டிய அவசியம் பனி விழும் காட்சியைத் தவிர வேறெங்கும் தெரியவில்லை. மொத்தத்தில் கோபயாஷியின் படமே உயர்ந்து நிற்கிறது.

மீகேயின் ரீமேக்குகள் சாமுராய் கதைகளோடு முடியவில்லை. விடுதிக்கு வரும் விருந்தினர்கள் வரிசையாகச் செத்துப்போக, பழி வருமே என்று அஞ்சி ஒரு குடும்பம் பிணங்களைப் புதைக்கும் 1998 கொரியப் படத்தை எடுத்து, 2001இல் பாட்டும் ஆட்டமும் களிமண் பொம்மைகளுமாக மாற்றிவிட்டார். ஆடிப்பாடும் சினிமாவில் வளர்ந்த தமிழ் ரசிகர்களுக்கு இது எளிதில் பிடிக்கும். அவரிடமிருந்தும் மற்றவர்கள் எடுத்தார்கள்: 2003இல் அவர் எடுத்த கைத்தொலைபேசிப் பேய்ப்படத்தை 2008இல் அமெரிக்கர்கள் ரீமேக் செய்தனர்.

இந்தப் படங்களைப் பார்க்க விரும்புவோர் '13 கொலையாளிகள்' விஷயத்தில் மீகேயின் படத்தை முதலில் பார்த்துவிட்டு குடோவிடம் போகலாம். 'ஹராகிரி'யில் வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. கோபயாஷியின் படத்தை முதலில் பார்க்காதவருக்கு, மீகே ஏன் மூங்கிலைக் கையில் கொடுத்தார் என்பது பாதிதான் புரியும்.