மனச்சோர்வு நாள் பார்க்காது. சொக்சோ மாதம் பார்க்கும்

எங்கள் தாமான் நுழைவாயிலில் காவலுக்கு இருந்தவரை எல்லாரும் ‘சார்ஜன் அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவோம். மலேசிய இராணுவத்தில் 21 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். செய்வது ஜாகா வேலைதான் என்றாலும் சட்டை மடிப்பு கலையாது, காலணியில் தூசு இருக்காது. காலையில் பள்ளி வேன் வரும்போது பிள்ளைகளுக்கு அவர் வைக்கும் சல்யூட்டுக்காகவே சில குழந்தைகள் அடம் பிடிக்காமல் கிளம்பும்.

ஒரு நாள் அவர் வேலைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதன்பின் அந்தச் சாவடியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“குடிச்சிட்டு வீட்டிலேயே கெடக்குறாராம்” என்றார் ஒருவர். “ஆர்மி பென்சன் வருதுல்ல, அப்புறம் எதுக்கு வேலை?” என்றார் இன்னொருவர். உண்மை வேறு. அவர் குடிப்பதில்லை. படுக்கையை விட்டு எழ முடியவில்லை. குளிக்க வேண்டும் என்று நினைப்பதற்கே அரை நாள் ஆகிவிடுகிறது. இரவு முழுக்க விழித்திருந்து, விடியும் நேரத்தில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார்.

அவர் மனைவி பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்பவர். முதலில் சோம்பல் என்று திட்டியிருக்கிறார். பிறகு யாரோ சொன்னதைக் கேட்டு, செய்வினை என்று கோயில் கோயிலாக அலைந்திருக்கிறார். ஐந்து மாதம் கழித்துத்தான் அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போனார்கள். அங்கிருந்து பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். மனச்சோர்வு என்று அப்போதுதான் பெயர் தெரிந்தது.

மேலும் ஓராண்டுக்கு மேல் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா என்னிடம் பழைய சம்பளச் சீட்டு ஒன்றைக் கொண்டு வந்தார். “தம்பி, இதுல மாசாமாசம் சொக்சோவுக்குப் புடிச்சிருக்காங்க. அது வேலையில அடிபட்டாத்தானே கெடைக்கும்?”

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தக் கேள்விதான்.

அடிபட்டால் மட்டும்தானா?

இல்லை. சொக்சோ எனப்படும் பெர்கேசோ, 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இரண்டு திட்டங்களை நடத்துகிறது. ஒன்று, வேலையிட விபத்துக்கானது. நம்மில் பலருக்கும் தெரிந்தது இதுதான். மற்றொன்று இயலாமைத் திட்டம். மலாயில் ‘இலாட்’ என்பார்கள். நம் சம்பளத்தில் சொக்சோவுக்கென்று பிடிக்கப்படும் அரை விழுக்காடு இந்த இரண்டாவது திட்டத்துக்குப் போகிறது. முதலாளியும் இதற்கு இன்னொரு அரை விழுக்காடு கட்டுகிறார்.

இயலாமைத் திட்டத்தில், நோய் எங்கே வந்தது, எதனால் வந்தது என்ற கேள்வி இல்லை. சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம், பக்கவாதமாக இருக்கலாம், மனநோயாகவும் இருக்கலாம். சட்டம் கேட்பது இரண்டு விஷயம். நோய் நிரந்தரமானதா, அதாவது குணமாகாததா அல்லது குணமாகும் வாய்ப்புக் குறைந்ததா? அந்த நோயால், அதே வேலையைச் செய்யும் ஆரோக்கியமான ஒருவரின் வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூடச் சம்பாதிக்க முடியாமல் போய்விட்டதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்று மருத்துவக் குழு முடிவு செய்தால், சந்தா நிபந்தனையும் நிறைவேறியிருந்தால், மாத ஓய்வூதியம் உண்டு. விண்ணப்பிப்பவர் 60 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும்.

இராணுவத்தில் பணியில் இருக்கும் வரை வீரர்கள் சொக்சோவில் இல்லை. ஆனால் அவர்கள் நாற்பதை ஒட்டிய வயதிலேயே சீருடையைக் கழற்றிவிடுகிறார்கள். 21 ஆண்டு முடித்தவருக்கு ஓய்வூதியம் உண்டு. அதற்கு முன்பே வெளியேறிய பலருக்கு அதுவும் இல்லை. பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வயது அது. அதனால் காவல் வேலை, லோரி ஓட்டும் வேலை, தொழிற்சாலை வேலை என்று தனியார் துறைக்கு வருகிறார்கள். வந்த நாள் முதல் சொக்சோ சந்தாவும் தொடங்கிவிடுகிறது. பல குடும்பங்கள் இதைக் கவனிப்பதே இல்லை. ‘இராணுவத்துக்காரர், அவருக்கு எல்லாம் இராணுவம் பார்த்துக்கொள்ளும்’ என்று இருந்துவிடுகிறார்கள்.

படைச் சேவையிலேயே ஏற்பட்ட காயம், நோய் என்றால் அதற்கான வழி வேறு. முன்னாள் படைவீரர் விவகாரத் துறையான ஜே.எச்.இ.வி.யிடம் அதைக் கேட்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல், இரண்டு இடத்திலும் கேட்பதே நல்லது.

மூன்று கதவுகள்

இனி முக்கியமான கணக்கு. மனச்சோர்வு உள்ள வீடுகள் தடுமாறுவது இங்கேதான்.

முதல் கதவு: இயலாமை பற்றி விண்ணப்பம் கொடுக்கும் மாதத்துக்கு முந்திய 40 மாதங்களில், குறைந்தது 24 மாதச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். நாற்பதில் இருபத்து நான்கு போனால் மிச்சம் பதினாறு. அதாவது, விடாமல் வேலை செய்தவர்கூட வேலையை விட்டுப் பதினாறு மாதத்துக்கு மேல் சும்மா இருந்தால் இந்தக் கதவு மூடிவிடும்.

இரண்டாவது கதவு: முதன்முதலில் சொக்சோவில் சேர்ந்ததிலிருந்து விண்ணப்பம் வரையுள்ள மொத்த மாதங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சந்தா இருக்க வேண்டும். அது 24க்குக் குறையக் கூடாது. இந்த இரண்டில் எது இருந்தாலும் முழு ஓய்வூதியம்.

மூன்றாவது கதவு: மூன்றில் ஒரு பங்கு மாதங்களுக்குச் சந்தா, குறைந்தது 24. இதற்குக் கிடைப்பது குறைந்த ஓய்வூதியம்.

இவை எதிலும் சேராமல், குறைந்தது 12 மாதச் சந்தா மட்டும் இருந்தால், மாத ஓய்வூதியம் இல்லை. ஒரே தடவையாக ஒரு தொகை கொடுத்து முடித்துவிடுவார்கள்.

சார்ஜன் அண்ணன் கதைக்கு வருவோம். அக்கா என்னிடம் வந்தபோது அவர் வேலையை விட்டுப் பத்தொன்பது மாதம் ஆகியிருந்தது. முதல் கதவு மூடிவிட்டது. முந்திய 40 மாதங்களில் 21 சந்தாதான் தேறியது. ஆனால் அவர் காவல் வேலைக்கு வந்து ஒன்பது ஆண்டுகள், அதாவது 108 மாதங்கள். கம்பெனி மாறிய இடைவெளி போக 96 மாதச் சந்தா இருந்தது. 108 உடன் 19ஐச் சேர்த்தால் 127. அதில் மூன்றில் இரண்டு பங்கு 85. அவரிடம் 96 இருந்ததால் இரண்டாவது கதவு திறந்திருந்தது.

எல்லாருக்கும் இப்படி அமையாது. 30 மாதம் மட்டுமே சந்தா கட்டியவர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வீட்டில் முடங்கிக் கிடந்தால் மூன்றாவது கதவும் மூடிவிடும். மனச்சோர்வில் ஐந்தாண்டு ஓடிப்போவது அதிசயமல்ல. ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்ல வைப்பதே அந்த நோயின் வேலை. நோயாளியிடம் பாரத்தைக் கொடுத்து ‘நிரப்புங்கள்’ என்று சொல்வது, கால் உடைந்தவரை மாடியேறச் சொல்வதைப் போன்றது. மாதத்தை எண்ண வேண்டியது வீட்டில் உள்ளவர்கள்தான்.

எவ்வளவு கிடைக்கும்?

முழு ஓய்வூதியம் சராசரிச் சம்பளத்தில் 50 விழுக்காட்டில் தொடங்குகிறது. முதல் 24 மாதச் சந்தாவுக்கு மேல் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஒரு விழுக்காடு கூடும். உச்சம் 65 விழுக்காடு. 96 மாதச் சந்தா உள்ளவருக்கு 56 விழுக்காடு. சராசரி 1,750 வெள்ளி என்று வைத்தால் மாதம் 980 வெள்ளி. குறைந்த ஓய்வூதியம் 50 விழுக்காட்டோடு நின்றுவிடும். ஓய்வூதியம் பெறுபவர் இறந்தால், தகுதியுள்ள குடும்பத்தினருக்குப் பிழைத்திருப்போர் ஓய்வூதியம் உண்டு.

980 வெள்ளி பெரிய பணமா என்று கேட்கலாம். வாடகை, மின் கட்டணம், மருத்துவமனைக்குப் போய்வரும் செலவு இவற்றை எழுதிக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

“நலம்தான் டாக்டர்!”

விண்ணப்பம் போட்டுவிட்டால் போதாது. மனச்சோர்வு எக்ஸ்ரேயில் தெரியாது. மருந்து, ஆலோசனை எனத் தொடர்ந்து சிகிச்சை எடுத்தும் வேலை செய்யும் நிலைக்குத் திரும்ப முடியவில்லை என்பதை ஆவணங்கள் காட்ட வேண்டும். மருந்தை இரண்டு மாதம் சாப்பிட்டு விட்டுவிட்டவரின் நோய் ‘குணமாகாதது’ என்று எந்த மருத்துவரும் எழுத மாட்டார். தவணை அட்டை, மருந்துச் சீட்டு, விடுப்புக் கடிதம் எதையும் வீசிவிடாதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளிதான். பணம் இல்லை என்று அந்த முதல் படியைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

முன்னாள் வீரர்களிடம் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மருத்துவக் குழுவைப் பார்க்கப் போன நாளில் சார்ஜன் அண்ணன் எப்படியோ எழுந்து சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்தினம் வரை நான்கு நாள் குளிக்காதவர் அவர். காத்திருந்தபோது நான் கேட்டேன்: “எப்படிண்ணே இருக்கு?” பதில் உடனே வந்தது: “நல்லாத்தான் இருக்கேன் தம்பி.”

இருபத்தொரு ஆண்டுப் பழக்கம். மேலதிகாரி கேட்டால் குறை சொல்லக் கூடாது. அதே பதிலை உள்ளேயும் சொன்னால் என்ன ஆகும்? அக்கா ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் போயிருந்தார். எந்த நாள் குளித்தார், எத்தனை மணி நேரம் தூங்கினார், எந்த நாள் சாப்பிடவில்லை, எப்போது அழுதார் என்று ஆறு மாதமாக எழுதி வைத்திருந்தார். ஏற்கெனவே சிகிச்சை மருத்துவரிடம் அதைக் காட்டியதால், அவருடைய அறிக்கையிலும் அந்த விவரங்கள் ஏறியிருந்தன. குழந்தைகளின் கட்டுரை நோட்டைப் போன்ற அந்தப் புத்தகம்தான் அண்ணன் வாய் திறந்து சொல்லாததைச் சொன்னது.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதை மறைக்கும் குடும்பங்களும் உண்டு. போலீஸ் வரும் என்ற பயம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. மருத்துவரிடம் தாராளமாகச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும்.

செய்ய வேண்டியவை

வேலையை விட்டு நிற்கும் முன்பே சொக்சோ அலுவலகத்தில் விசாரியுங்கள். அவசரமாக ராஜினாமா கொடுத்தால் அன்றிலிருந்து மாதம் எண்ணப்படும். சந்தா விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். சம்பளத்தில் பிடித்தும் கட்டப்படாத மாதங்கள் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீட்டு மருத்துவக் குழு உண்டு. கடிதத்தில் குறித்துள்ள காலக்கெடுவை விட்டுவிடாதீர்கள். குணமாகும் வாய்ப்புள்ளவர்களுக்கு, 2007 முதல் சொக்சோ நடத்திவரும் ‘மீண்டும் வேலைக்கு’ திட்டம் இருக்கிறது. மனச்சோர்வு உள்ள எல்லாரும் நிரந்தரமாக முடங்கிவிடுவதில்லை. பலர் சிகிச்சையால் தேறி வேலைக்குத் திரும்புகிறார்கள். அப்படித் திரும்ப முடிந்தால் அதுதான் எந்த ஓய்வூதியத்தையும்விட மேல்.

2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருக்கிறது. 2019இல் அது 2.3 விழுக்காடாக இருந்தது. பேச ஆள் வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555.

சார்ஜன் அண்ணனுக்கு ஓய்வூதியம் கிடைத்துவிட்டது. நோய் போய்விடவில்லை. நல்ல நாளும் வருகிறது, மோசமான நாளும் வருகிறது. போன வாரம் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பள்ளி வேனிலிருந்து இறங்கிய ஒரு பொடியன் பழைய ஞாபகத்தில் சல்யூட் வைத்தான். அவர் உடனே கை தூக்கவில்லை. சற்று நேரம் கழித்து, மெதுவாக எழுந்து நின்று, பதில் சல்யூட் வைத்தார். அதற்குள் பையன் வீட்டுக்குள் போயிருந்தான்.

அக்கா அன்றைய பக்கத்தில் அதையும் எழுதி வைத்திருக்கிறார்.