பெயருக்கு முன்வரும் சிறுசொல்

மெக்சிக்கோ நாட்டு வீடுகளில் 'லொத்தெரியா' என்றோர் அட்டை விளையாட்டு உண்டு. இத்தாலியில் தோன்றி, எசுப்பானியா வழியே கடல் கடந்து வந்தது அது. இன்று யாவரும் அறிந்த வடிவில் அதனை 1887-இல் வெளியிட்டவர் கிளெமெந்தே ழாக் என்னும் பிரெஞ்சு வணிகர். கட்டில் 54 படங்கள்: சேவல் முதலாவது, தவளை இறுதி, இடையே நிலவும் ஏணியும் தேளும் தர்ப்பூசணியும். ஆடுவோர் ஒவ்வொருவர் முன்னும் நாலுக்கு நாலாய் 16 படங்கள் வரைந்த பலகை இருக்கும். கூவுநர் ஓர் அட்டையை உருவிப் பெயரைக் கூவுவார். கைதேர்ந்தவராயின் பெயரை விடுகதைக்குள் ஒளித்து வைத்துச் சிரிக்க வைப்பார். அப்படம் எவர் பலகையில் உள்ளதோ அவர் அதன்மேல் உலர்ந்த அவரைக்கொட்டை ஒன்றை வைப்பார்.

எழுத்தறியாக் குழந்தைக்கு எசுப்பானியச் சொற்களைக் கற்பிக்க இதனினும் நல்ல பள்ளியை நான் அறியேன்.

ஒருமுறை கேட்ட சொல்லையே குழந்தை பொருளோடு பிணைத்துக்கொள்ளும் என்பது உண்மை. சூசன் கேரியும் எல்சா பார்ட்லெட்டும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகள் கேட்டறியாத நிறப்பெயர் ஒன்றைப் பேச்சோடு பேச்சாய்க் கூறி ஒரு தட்டை எடுத்துவரச் சொன்னார்கள். எந்தத் தட்டு என்பதைக் குழந்தைகள் உய்த்துணர்ந்தனர். ஆனால் 2008-இல் ஆர்சுட்டு, சாமுவெல்சன் என்னும் இருவர் ஈரகவைக் குழந்தைகளை ஆய்ந்தபோது, புதுச்சொல்லுக்குரிய பொருளை உடனே சரியாகச் சுட்டிய குழந்தைகள் ஐந்து மணித்துளி கழிந்ததும் அதை மறந்திருந்தனர். பிணைதல் வேறு, நிலைத்தல் வேறு.

நிலைப்பதற்கு, இடைவிட்டு இடைவிட்டு நினைவிலிருந்து மீட்டெடுக்க வேண்டும். 54-இல் 16 என்றால், கூவப்படும் பத்துப் பெயர்களில் ஏறத்தாழ மூன்றே ஒரு குழந்தையின் பலகையில் இருக்கும். எஞ்சிய ஏழையும் அது செவிமடுத்து, பொருளுணர்ந்து, 'என்னிடம் இல்லை' என்று தள்ளியாக வேண்டும். அதுவும் பயிற்சியே. அடுத்த ஆட்டத்திற்குக் கட்டைக் கலைத்தால் அதே சொற்கள் வேறு முறையில் வந்து நிற்கும்.

இவையனைத்தினும் என்னை ஈர்ப்பது, பெயருக்கு முன் ஒலிக்கும் சிறுசொல். நிலவும் மேசையும் நமக்கு அஃறிணை. ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது. எசுப்பானியத்திலோ உயிரற்ற பொருளின் பெயரும் இருபாலில் ஒன்றைச் சார்ந்தாக வேண்டும். கதிரவன் 'எல் சோல்', நிலவு 'லா லூனா'. லொத்தெரியா அட்டைகளில் இச்சிறுசொல்லோடுதான் பெயர் அச்சாகியுள்ளது.

கேசி லூ-வில்லியம்சும் ஆன் பெர்னால்டும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. எசுப்பானியம் பேசி வளரும் மூன்றகவைக் குழந்தைகளுக்கு இரு படங்களைக் காட்டி ஒன்றின் பெயரைக் கூறினர். இரண்டும் வெவ்வேறு பாலாயின், உரிய படத்தைக் குழந்தையின் கண் விரைந்து கண்டது, சிறுசொல்லே வழிகாட்டிவிட்டது. இரண்டும் ஒரே பாலாயின் அவ்விரைவு இல்லை. வளர்ந்தபின் எசுப்பானியம் கற்றவர்கள், நன்கறிந்த பெயர்களுக்குக்கூட, இத்துணையைப் பெறவில்லை என்று அவர்களே 2010-இல் காட்டினர். பின்னர் 2012-இல் ஆர்னான், இராம்சுகர் இருவரும் புனைமொழி ஒன்றைப் பெரியவர்களுக்குக் கற்பித்துப் பார்த்தனர். சிறுசொல்லும் பெயரும் இணைந்த தொடரை முதலில் கேட்டவர்கள், தனிப்பெயரை முதலில் கற்றவர்களைவிட அவ்விரண்டின் உறவை நன்கு பற்றினர்.

'லூனா' என்று மட்டும் அச்சிட்ட சொல்லட்டைகளைக் காணும்போது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான்.

21-ஆம் அட்டை கை: 'லா மானோ'. 'ஓ'வில் முடிவன பெரும்பாலும் ஆண்பால், இது பெண்பால். 53-ஆவது யாழ்: 'எல் ஆர்பா'. பெயர் பெண்பாலே, ஆயினும் அழுத்தம் பெற்ற 'ஆ' முதலில் நிற்பதால் 'எல்' வந்து அமர்கிறது. இலக்கண நூலில் இவை விதிவிலக்குகள். அவரைக்கொட்டையும் கையுமாய்க் காத்திருக்கும் குழந்தைக்கு இவையும் மற்றுமிரு கூவல்கள்.

ஒருநாள் கூவும் வேலையைக் குழந்தையிடமே கொடுக்க வேண்டும். கேட்டுணர்வது எளிது, படத்தைக் கண்டு பெயரைத் தானே எழுப்புவது அரிது. அது 'எல் மானோ' என்று கூவினால் திருத்தி நிறுத்த வேண்டா. "ஆகா, லா மானோ! என்னிடம் இருக்கிறது" என்று சொல்லிக் கொட்டையை வைத்துவிட்டால், அடுத்த அட்டை தானே புரளும்.