பாட்டியின் முகம் ஏன் வெளுத்தது?

பத்துமலைக்குக் குடும்பத்தோடு போகிறீர்கள். நண்பகல் நேரம். 42.7 மீட்டர் உயர முருகன் சிலை வெயிலில் தகதகக்கிறது. பாட்டியைச் சிலைக்கு முன்னால் நிற்கவைத்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் வானமும் சிலையும் பளிச்சென்று இருக்கின்றன. பாட்டியின் முகம் மட்டும் இருண்டு கிடக்கிறது. செயலியில் 'அழகுபடுத்து' என்பதை அழுத்துகிறீர்கள். முகம் வெளிச்சமாகிறது. ஆனால் நெற்றிச் சுருக்கங்களைக் காணோம். அவருடைய மாநிறத்தையும் காணோம். படத்தைப் பார்த்த பாட்டி, "யாரு இது?" என்று கேட்கிறார்.

படத்தைத் திருத்துவது தவறே அல்ல. எதை மாற்றுகிறோம் என்று தெரியாமல் மாற்றுவதில்தான் சிக்கல். அதைத் தெரிந்துகொள்ள, பள்ளியில் நீங்கள் படிக்கும் கணிதமும் இயற்பியலும் கொஞ்சம் போதும்.

படம் என்பது எண்களின் அட்டவணை

12 மெகாபிக்சல் படம் ஒன்றில் 12 மில்லியன் பிக்சல்கள் உள்ளன. ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எண் உண்டு. வழக்கமான ஜேபெக் கோப்பில் அந்த எண் 0 முதல் 255 வரை இருக்கும். 0 என்றால் கும்மிருட்டு. 255 என்றால் முழு வெளிச்சம். செயலியில் நீங்கள் எந்தக் கோட்டை இழுத்தாலும், நடப்பது இந்த எண்களைக் கூட்டுவதும் பெருக்குவதும்தான்.

கணக்கில் ஒரு கண்டிப்பு உண்டு. சிலையின் ஒரு பகுதி 255-ஐத் தொட்டுவிட்டால், அதைவிடப் பிரகாசமான பகுதியும் 255 என்றே பதிவாகும். பிறகு நீங்கள் வெளிச்சத்தைக் குறைத்தால், எல்லாம் சேர்ந்து 230 ஆகும். சிலையின் நுணுக்கங்கள் திரும்பி வரா; தட்டையான ஒரு திட்டுதான் மிஞ்சும்.

இருட்டிலும் இதே கதைதான். 5, 6, 7 என்று அடுத்தடுத்து இருக்கும் எண்களை 4 மடங்காக்கினால் 20, 24, 28 கிடைக்கும். இடையில் 21, 22, 23 இல்லை. அதனால்தான் இருண்ட படத்தை மிகவும் வெளிச்சமாக்கினால் நிறம் படிக்கட்டுபோல் வரிவரியாகத் தெரிகிறது. உணரியில் இருந்த இரைச்சலும் கூடவே 4 மடங்காகிப் புள்ளிபுள்ளியாக வெளிப்படுகிறது.

உங்கள் கேமராவில் 'ரா' கோப்பாகச் சேமிக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். 12 பிட் ரா கோப்பில் 4,096 படிகளும், 14 பிட் கோப்பில் 16,384 படிகளும் உண்டு. திருத்துவதற்கு அவ்வளவு கூடுதல் இடம் கிடைக்கும். கோப்பு பெரிதாக இருக்கும் என்பதுதான் அதற்கான விலை.

முகம் ஏன் இருண்டது?

கேமரா தானாக வெளிச்சத்தை அளக்கும்போது, காட்சி முழுவதன் சராசரியை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயலும். பின்னால் பிரகாசமான வானமும் தங்கச் சிலையும் இருந்தால், "வெளிச்சம் அதிகம்" என்று முடிவுசெய்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். முகத்தைக் கண்டறிந்து இதை ஓரளவு சரிசெய்யும் கைப்பேசிகள் இப்போது வந்துவிட்டன. ஆனாலும் திரையில் முகத்தை ஒருமுறை தொட்டு, அங்கே வெளிச்சத்தை அளக்கச் சொல்வது நல்லது. அதைவிட நல்லது, பாட்டியை நிழலுக்கு அழைத்து வருவது. அவருக்கும் வெயில் தணியும்.

திருத்தும் வரிசை

1. மூலப்படத்தை அழிக்காதீர்கள். நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

2. ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். எந்த அளவு வெளிச்சத்தில் எத்தனை பிக்சல்கள் உள்ளன என்று காட்டும் வரைபடம் அது. இடப்பக்கம் இருட்டு, வலப்பக்கம் வெளிச்சம். ஏதேனும் ஒரு சுவரில் மலைபோல் மோதி நின்றால், அங்கே தகவல் தொலைந்திருக்கிறது என்று பொருள்.

3. நிறத்தைச் சமன்படுத்துங்கள். ஒளிக்கும் 'நிற வெப்பநிலை' உண்டு. விளக்குச் சுடர் ஏறக்குறைய 1,900 கெல்வின். அது மஞ்சளாகத் தெரியும். நண்பகல் வெயில் சுமார் 5,500 கெல்வின். வானத்தின் ஒளி மட்டும் விழும் நிழலில் 7,000-ஐயும் தாண்டும். அங்கே எடுத்த படம் நீலம் பாயும். வெண்சமநிலைக் கருவியால் படத்தில் வெள்ளையாக இருக்கவேண்டிய ஒன்றைத் தொடுங்கள். தாத்தாவின் வேட்டியோ பாட்டியின் நெற்றித் திருநீறோ போதும். ஆனால் குத்துவிளக்கு ஒளியில் எடுத்த படத்தில் மஞ்சளை முழுதும் துடைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தின் அழகே அதுதான்.

4. முகத்தை மட்டும் தனியே தேர்ந்து சிறிது வெளிச்சமாக்குங்கள். முழுப் படத்தையும் தூக்கினால் வானம் 255-இல் போய் முட்டும்.

5. 'சாச்சுரேஷன்' கோட்டை மெதுவாகத் தொடுங்கள். எந்த இனத்தவரின் தோலும் பெரும்பாலும் செம்மஞ்சள் வட்டாரத்தில்தான் அடங்குகிறது. கோட்டைக் கூட்டினால் முகம் சட்டென்று ஆரஞ்சுப் பழமாகிவிடும்.

6. திரையை மஞ்சளாக்கும் இரவு வசதியை நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். முடித்ததும் பத்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நம் கண் எந்த நிறத்துக்கும் விரைவில் பழகிவிடும். ஓய்வெடுத்த கண்ணுக்கே மிகை தெரியும்.

சுருக்கம் பிழையா?

'அழகுபடுத்து' கருவி என்ன செய்கிறது? சுருக்கம் என்பது அக்கம்பக்கத்தைவிடச் சற்று இருண்ட பிக்சல்களின் வரிசை. அந்த எண்களுக்குப் பதிலாகச் சுற்றியுள்ளவற்றின் சராசரியைக் கருவி வைக்கிறது. சுருக்கம் மறைகிறது. கூடவே தோலின் எண்களையும் மேலே தள்ளினால் நிறம் வெளுக்கிறது. எழுபது ஆண்டுகள் சேர்த்த முகத்தைப் பிழை என்று எண்ணித் திருத்திவிடுகிறது.

இது புதிய பழக்கமும் அல்ல. வண்ணப்படச் சுருள் காலத்தில், அச்சிடும் நிறம் சரியா என்று பார்க்க, கோடாக் நிறுவனம் கூடங்களுக்கு மாதிரி அட்டை ஒன்றை அனுப்பும். அதில் இருந்தவர் வெள்ளைத் தோல் கொண்ட பெண். முதலில் படம்பிடிக்கப்பட்டவரின் பெயரால் அதை 'ஷெர்லி அட்டை' என்றார்கள். அவருடைய தோல் சரியாக வந்தால் படம் சரி. விளைவாக, கரிய தோல் கொண்டவர்களின் முகங்கள் பல படங்களில் நுணுக்கம் இழந்து இருண்டன. பல இனப் பெண்கள் ஒன்றாக இடம்பெற்ற அட்டைகள் 1990களில்தான் வந்தன. 2021இல் கூகுள் தன் பிக்சல் 6 கைப்பேசியில், பல நிறத் தோல்களையும் உள்ளபடி காட்டுவதற்கென்றே 'ரியல் டோன்' என்ற வசதியைச் சேர்த்தது. ஆக, கருவி எதைச் 'சரியான முகம்' என்று கருதவேண்டும் என்பதை மனிதர்களே முடிவுசெய்கிறார்கள். உங்கள் கையில் உள்ள படத்துக்கு அந்த முடிவு உங்களுடையது.

செய்து பாருங்கள்

இந்த வாரம் வீட்டில் ஒருவரைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்துப் படம் எடுங்கள். ஒரு நகலை 'அழகுபடுத்து' கருவியால் திருத்துங்கள். இன்னொன்றை மேலே சொன்ன வரிசைப்படி திருத்துங்கள். இரண்டையும் அருகருகே வைத்து, படத்தில் இருப்பவரிடமே காட்டிக் கேளுங்கள்: "இதில் நீங்கள் யார்?"